பதினான்கு பேர் மந்திரிசபை – அத்தியாயம் 6: நிதி யாருக்கு?

வெளியுறவு, உள்துறை, பாதுகாப்பு. இந்த மூன்று இலாகாக்களில் ஒன்றையாவது முஸ்லிம் லீகுக்கு விட்டுக்கொடுங்கள் என்று வைஸ்ராய் வேவல் கேட்டார். உள்துறையை விடுவதைக் காட்டிலும் ராஜினாமா செய்துவிட்டுப் போகிறேன் என்று சொல்லிவிட்டார் வல்லபாய் பட்டேல்.

1946 அக்டோபர். இடைக்கால அரசில் சேர லீக் சம்மதித்துச் சில நாட்கள்தான் ஆகியிருந்தன. உள்ளே வரப்போகும் ஐந்து பேர் யார் என்பது தெரிந்துவிட்டது. யாருக்கு எந்த இலாகா என்பதில்தான் டெல்லி திணறிக்கொண்டிருந்தது.

பட்டேலின் பிடிவாதத்தைக் குறை சொல்ல எனக்கு மனம் வரவில்லை. ஆகஸ்ட் 16 அன்று கல்கத்தாவில் தொடங்கிய கொலைகள் அக்டோபரில் நவகாளிக்குப் பரவியிருந்தன. அந்தச் சூழலில் உள்துறையைக் கைமாற்றிக் கொடுத்துவிட்டுத் தொண்டர்களின் முகத்தில் எப்படி விழிப்பது? நேரு வெளியுறவை விடத் தயாராக இல்லை. பாதுகாப்பு சீக்கியரான பல்தேவ் சிங்கிடம் இருந்தது. பஞ்சாப் கொதித்துக்கொண்டிருந்த நேரத்தில் அதைப் பிடுங்குவது நெருப்பில் கை வைப்பதாகும்.

எஞ்சியிருந்த பெரிய இலாகா நிதி. அதை அப்போது வைத்திருந்தவர் ஜான் மத்தாய். கோழிக்கோட்டில் பிறந்து, சென்னைக் கிறிஸ்தவக் கல்லூரியில் படித்து, சென்னைப் பல்கலைக்கழகத்தில் பொருளாதாரம் போதித்தவர். டாட்டா நிறுவனத்தின் இயக்குநராக இருந்தவர். 1944-ல் தொழிலதிபர்கள் வெளியிட்ட பம்பாய்த் திட்டத்தில் கையெழுத்திட்டவர்களில் ஒருவர். கட்சிக்காரர் அல்லர். அவரை நிதியிலிருந்து தொழில் இலாகாவுக்கு மாற்றினால் காங்கிரசுக்குள் யாருக்கும் மனத்தாங்கல் வராது.

நிதியைக் கொடுக்கலாம் என்ற யோசனை எங்கிருந்து வந்தது? மௌலானா ஆசாத் தம் நினைவுக் குறிப்புகளில் அதைச் சொல்கிறார். யோசனை காங்கிரஸ்காரரான ரஃபி அகமது கித்வாயுடையதாம். நிதி என்பது கணக்கு வழக்கு தெரிந்தவர்கள் பார்க்க வேண்டிய வேலை. லீகில் அதற்கு ஆள் இல்லை. கொடுத்தால் மறுத்துவிடுவார்கள், மீறி எடுத்துக்கொண்டால் திண்டாடுவார்கள் என்பது கணக்கு. பட்டேலுக்கு அது உடனே பிடித்துப்போயிற்று என்கிறார் ஆசாத். அவர் அப்போது அந்த அரசில் இல்லை என்பதையும், பட்டேலோடு அவருக்குக் கருத்து வேறுபாடு உண்டு என்பதையும் நினைவில் வைத்துத்தான் இதைப் படிக்க வேண்டும். ஆனாலும் செய்தி லீகுக்குப் போனபோது அங்கேயும் முதலில் தயக்கம்தான் இருந்தது என்று அவரே சொல்கிறார்.

அந்தத் தயக்கத்தை உடைத்தவர் ஓர் அதிகாரி. பெயர் சௌத்ரி முகமது அலி. அரசின் நிதி நிர்வாகத்தில் ஊறியவர். பின்னாளில் பாகிஸ்தானின் பிரதமரே ஆனார். கண்ணை மூடிக்கொண்டு வாங்கிக்கொள்ளுங்கள் என்பதுதான் அவர் லீக் தலைவர்களுக்குச் சொன்னதன் சாரம்.

ஏன் அப்படிச் சொன்னார்? அந்த நாளின் ஒரு பைலைப் பின்தொடர்ந்தால் விளங்கும். ஓர் இலாகாவுக்குப் புதிதாக ஒரு பதவி வேண்டும். கீழ்நிலை அதிகாரி குறிப்பு எழுதுகிறார், செயலாளர் கையெழுத்திடுகிறார், மந்திரியும் சரி என்கிறார். அதோடு வேலை முடிந்துவிடாது. செலவு என்று வந்துவிட்டால் பைல் நிதித் துறைக்குப் போயே ஆக வேண்டும். அங்கே ஒரு கேள்வி எழுதித் திருப்பி அனுப்பலாம், விளக்கம் கேட்கலாம், பொறுத்துப் பார்க்கலாம் என்று ஓரத்தில் குறிக்கலாம். ஒரு பியூனை நியமிக்கக்கூட நிதியின் சம்மதம் வேண்டியிருந்தது என்று ஆசாத் பின்னால் நொந்து எழுதினார். பட்டேல் எந்தத் துறையைக் காப்பாற்றப் போராடினாரோ, அந்தத் துறையின் ஒவ்வொரு ரூபாயும் இனி லீகின் மேசையைத் தாண்டித்தான் வர வேண்டும்.

அக்டோபர் 26 அன்று லீக் பதவியேற்றது. லியாகத் அலி கானுக்கு நிதி. சுந்த்ரிகருக்கு வணிகம், அப்துர் ரப் நிஷ்தாருக்குத் தபால், விமானம், கஜன்ஃபர் அலி கானுக்குச் சுகாதாரம். ஐந்தாவது பெயரைக் கேட்டுத்தான் பலரும் அதிர்ந்தார்கள்: வங்காளத்தின் தாழ்த்தப்பட்டோர் தலைவர் ஜோகேந்திரநாத் மண்டல், சட்ட மந்திரி. முஸ்லிம்களின் பிரதிநிதி நாங்கள் மட்டுமே என்று சொல்லிவந்த ஜின்னா, முஸ்லிமான ஆசஃப் அலியைக் காங்கிரஸ் தன் பட்டியலில் வைத்ததற்குக் கொடுத்த பதில் அது. மண்டலின் கதை தனியாகவே சொல்ல வேண்டிய அளவுக்குத் துயரமானது, பின்னால் வருவோம்.

இடம் கொடுப்பதற்காகச் சரத் சந்திர போஸ், ஷஃபாத் அகமது கான், அலி ஜாகீர் மூவரும் விலகினார்கள். காங்கிரஸ் ஆறு, லீக் ஐந்து, மற்றவர்கள் மூன்று. ஆக மொத்தம் 14 பேர்.

இந்த 14 பேருக்கும் தலைவர் யார்? இங்கேதான் இந்த அரசின் அடிப்படையிலேயே விரிசல் இருந்தது. சட்டப்படி இது வைஸ்ராயின் நிர்வாக சபை. அதன் தலைவர் வைஸ்ராய். நேரு துணைத் தலைவர் மட்டுமே. பிரதமர் என்ற பதவியே கிடையாது. செப்டம்பர் 2-ல் பொறுப்பேற்றதிலிருந்து நேரு சகாக்களை முன்கூட்டியே அழைத்துப் பேசி, ஒரே குரலோடு கூட்டத்துக்குப் போகும் பழக்கத்தை உருவாக்கியிருந்தார். லீக் மந்திரிகள் அந்தப் பேச்சுக்கு வரவில்லை. லியாகத் தலைமையில் தனியாகக் கூடினார்கள். ஒருவர் முடிவுக்கு எல்லாரும் பொறுப்பு என்ற உறுதி இல்லாத இடத்தில் எத்தனை திறமைசாலிகளை உட்கார வைத்தாலும் அதை மந்திரிசபை என்று சொல்ல என்னால் முடியாது.

பிறகு நடந்தவை வேகமாக நடந்தன. டிசம்பர் 9-ல் கூடிய அரசியல் நிர்ணய சபையை லீக் புறக்கணித்தது. 1947 பிப்ரவரி 5 அன்று லீக் அல்லாத மந்திரிகள் ஒன்பது பேரும் சேர்ந்து, லீக் மந்திரிகளை வெளியேற்றுங்கள் என்று வேவலிடம் எழுத்தில் கேட்டார்கள். பதில் வருமுன் லண்டனிலிருந்து இடி விழுந்தது. 1948 ஜூனுக்குள் இந்தியாவை விட்டுப் போகிறோம் என்று பிப்ரவரி 20-ல் பிரிட்டிஷ் பிரதமர் அட்லி அறிவித்தார். வேவலுக்குப் பதில் மவுண்ட்பேட்டன் வருகிறார் என்ற செய்தியும் அதோடு வந்தது. லீக் மந்திரிகளை வெளியேற்றும் பேச்சு அப்படியே நின்றுபோனது.

எட்டு நாள் கழித்து, பிப்ரவரி 28. மத்திய சட்டசபையில் பட்ஜெட் உரையோடு எழுந்து நின்றார் லியாகத் அலி கான். கர்னாலின் பெரும் நிலச்சுவான்தார் குடும்பத்துப் பிள்ளை, ஆக்ஸ்போர்டில் படித்தவர்.

உப்பு வரி ரத்து என்றார். 1930-ல் காந்தி தண்டிக்கு நடந்தது இதற்காகத்தானே! காங்கிரஸ் எப்படி எதிர்க்கும்?

அடுத்து, ஒரு லட்சம் ரூபாய்க்கு மேல் போகும் தொழில் லாபத்தின் மீது 25 சதவீதப் புது வரி. கம்பெனி வரி இரண்டு மடங்கு. சொத்து விற்ற லாபத்துக்கும் வரி. சோஷலிசம் பேசிய காங்கிரசுக்குத் தோள் கொடுத்து நின்ற பம்பாய், கல்கத்தா, அகமதாபாத் முதலாளிகளின் மடியில் நேராகக் கை வைத்திருந்தார் நிதி மந்திரி. பம்பாய்த் திட்டத்தில் கையெழுத்திட்ட ஜான் மத்தாய் அதே அரசின் மந்திரியாக இருந்தார்.

லியாகத் இன்னும் உட்காரவில்லை. போர்க்காலத்தில் வரி ஏய்த்துக் கோடிகள் குவித்தவர்களின் கணக்கைத் தோண்டி எடுக்க ஒரு விசாரணைக் கமிஷன் அமைக்கப்போவதாகவும் அறிவித்தார். யாருடைய கணக்கு? அந்தப் பட்டியலில் யார் யார் பெயர் இருக்கும்? பட்டேல் என்ன செய்யப்போகிறார்?

(அடுத்த வாரம்: பங்குச் சந்தையில் பீதி)