நகலும் தனித்தன்மையும்: தகாமினே கிட்டார்களின் வரலாறு

ஜப்பானில் செய்யப்பட்ட கிட்டார்களைப் பற்றி எழுதுவோர் பலரும் அந்த வரலாற்றை இரண்டாகப் பிரித்துவிடுகிறார்கள். முதலில் அமெரிக்கக் கருவிகளை நகலெடுத்த காலம். அதன் பிறகு சொந்தமாகப் படைத்த காலம். முதலாவது மறைக்க வேண்டியது, இரண்டாவது கொண்டாட வேண்டியது என்ற மதிப்பீடும் இந்தப் பிரிவினையோடு சேர்ந்தே வருகிறது. கிஃபு மாநிலத்தைச் சேர்ந்த தகாமினே நிறுவனத்தின் வரலாற்றை ஆண்டு வாரியாகவும் கருவி வாரியாகவும் பார்த்தால் இந்தப் பிரிவினை பொருந்தவில்லை. நகலெடுத்த ஆண்டுகளில் கற்ற மரவேலைதான் பிற்காலப் புதுமைக்கு அடித்தளம் என்பதும், முன்மாதிரி தந்தவர்கள் தீர்க்காமல் விட்ட ஒரு சிக்கலைக் கையில் எடுத்தபோதுதான் தகாமினே தனக்கென்று ஓர் அடையாளத்தைப் பெற்றது என்பதும் இக்கட்டுரையின் வாதம்.

பட்டறையும் அதன் சூழலும்

1959ஆம் ஆண்டு சகாஷிதா என்ற சிற்றூரில் குடும்பப் பட்டறையாக இந்நிறுவனம் தொடங்கியது. இன்று அவ்வூர் நகாட்சுகாவா நகரத்துடன் இணைந்துவிட்டது. அருகிலிருந்த தகாமினே மலையின் பெயரை 1962இல் பட்டறை ஏற்றது. 1965இல் முறையான நிறுவனமாகப் பதிவு பெற்றது. இந்தத் தொழில் இங்கே வேரூன்றியது தற்செயல் அல்ல. மத்திய ஜப்பானின் நாகோயாவில் 19ஆம் நூற்றாண்டின் இறுதியிலேயே சுசுகி மசாகிச்சி வயலின் தொழிலை நிறுவியிருந்தார். 1935இல் தொடங்கிய யாய்ரி குடும்பத்தின் கிட்டார் பட்டறையும் அதே கிஃபு மாநிலத்தில் இயங்கி வந்தது. அண்டை மாநிலமான நாகானோவின் மட்சுமோட்டோவில் 1960இல் ஃபுஜிகென் என்ற கிட்டார் நிறுவனம் தோன்றியது. மரத்தை உலர்த்தவும் வளைக்கவும் ஒட்டவும் தெரிந்த கைகள் அந்த வட்டாரத்தில் ஏற்கெனவே இருந்தன. 1960களில் ஜப்பானிய இளைஞரிடையே நாட்டார் பாணிப் பாடல்களின் மோகம் பரவியதும் அந்தக் கைகளுக்கு வேலை வந்து சேர்ந்தது. யமாஹா தன் எஃப்.ஜி-180 கிட்டாரை 1966இல் வெளியிட்டதும் இதே அலையில்தான். தகாமினேயின் தரத்தை உயர்த்தியவர் 1968இல் அங்கு சேர்ந்த கிட்டார் கைவினைஞர் மாஸ் ஹிராடே. 1975இல் அவரே நிறுவனத்தின் தலைவரானார். உளி பிடித்தவரையே தலைமைக்குக் கொண்டுவந்த இந்த முடிவு, பின்னால் நடந்தவற்றைப் புரிந்துகொள்ள முக்கியமானது.

நகலெடுத்த ஆண்டுகள்

1970களில் தகாமினே ஏற்றுமதி செய்த எஃப்-340, எஃப்-360 போன்றவை அமெரிக்காவின் மார்ட்டின் நிறுவனக் கருவிகளின் நேரடி நகல்கள். எஃப்-340 மார்ட்டினின் டி-18ஐயும், ரோஸ்வுட் பக்கங்கள் கொண்ட எஃப்-360 டி-28ஐயும் பின்பற்றின. அகன்ற தோள், குறுகாத இடை, சதுரமான தலைப்பகுதி என அத்தனையும் அப்படியே வந்தன. தலைப்பகுதியில் பொறித்த பெயரின் எழுத்து வடிவமும் தூரத்திலிருந்து பார்ப்பவரை மயங்க வைக்கும் அளவுக்கு மார்ட்டினின் எழுத்தை ஒத்திருந்தது. ஒலித்துளை வழியாக உள்ளே பார்த்தால் தொடர் எண் தெரியும். அதன் முதல் 2 இலக்கங்கள் ஆண்டையும் அடுத்த 2 இலக்கங்கள் மாதத்தையும் குறிக்கும். இந்த எண்களை வைத்துக் கருவிகளை வரிசைப்படுத்தினால், 1980களின் தொடக்கத்துக்குள் அந்தச் சதுரத் தலை மறைந்து, கூர்முனை கொண்ட சொந்த வடிவம் வந்துவிட்டதைக் காணலாம்.

இது திருட்டுதானே என்று கேட்பவர்களுக்குப் பொறுப்பாகப் பதில் சொல்ல வேண்டும். உடல் வடிவத்தையும் பெயர் எழுத்தையும் இங்கே பிரித்துப் பார்ப்பது அவசியம். உடல் வடிவத்தைப் பொறுத்தவரை, கிட்டார் வரலாறு முழுவதுமே ஆசானைப் பின்பற்றிய மாணவர்களின் வரலாறு. மார்ட்டின் நிறுவனத்தை 1833இல் நியூயார்க்கில் தொடங்கிய கிறிஸ்டியன் ஃபிரெடெரிக் மார்ட்டின், வியன்னாவில் யோஹான் ஸ்டாஃபரிடம் தொழில் கற்றவர். அவருடைய ஆரம்பக் கருவிகள் ஸ்டாஃபரின் சுருள் தலையையும் உருவத்தையும் அப்படியே சுமந்தன. ‘டிரெட்நாட்’ என்னும் பெரிய உடல் வடிவத்தை மார்ட்டின் 1916இல் டிட்சன் என்ற வணிக நிறுவனத்துக்காகச் செய்தது. 1931இல்தான் தன் பெயரில் விற்கத் தொடங்கியது. பிறகு அமெரிக்காவின் மற்ற நிறுவனங்களும் அதைத் தங்களுடையதாக்கிக்கொண்டன. இவற்றைவிட வலுவான சான்று ஒன்று உண்டு. மார்ட்டினே 1970இல் ‘சிக்மா’ என்ற பெயரில் தன் வடிவங்களை ஜப்பானிலேயே மலிவாகச் செய்வித்து அமெரிக்காவில் விற்றது. ஜப்பானியக் கைகளால் தன் வடிவத்தைச் செய்ய முடியும் என்பதை மார்ட்டின் ஒப்புக்கொண்டதற்கு வேறு சாட்சி தேவையில்லை.

ஆனால் பெயர் எழுத்தின் சாயலுக்கு இந்த நியாயம் பொருந்தாது. எழுத்து ஒலியைத் தருவதில்லை. வாங்குபவரின் கண்ணை ஏமாற்றுவதைத் தவிர அதற்கு வேறு பயன் இல்லை. அதைத் தவறு என்றே எழுத வேண்டும். அதே சமயம், இக்காலக் கருவிகளை ‘வழக்குக் காலத்துக் கிட்டார்கள்’ என்று சேகரிப்பாளர்கள் அழைப்பதையும் திருத்த வேண்டியிருக்கிறது. அந்தப் பெயருக்குக் காரணமான வழக்கு, 1977 ஜூன் 28 அன்று அமெரிக்கக் கிட்டார் நிறுவனமான கிப்சனின் தாய் நிறுவனம் நார்லின், ஐபனெஸ் என்ற ஜப்பானியக் கிட்டார்களை அமெரிக்காவில் விற்ற எல்ஜர் நிறுவனத்தின் மீது தொடுத்தது. சச்சரவு தலைப்பகுதியின் வடிவத்தைப் பற்றியது. நீதிமன்றத் தீர்ப்புக்குப் போகாமல் சமரசத்தில் முடிந்தது. அதில் தகாமினே ஒரு தரப்பே அல்ல.

மாற்றத்தின் காரணங்கள்

நகலெடுப்பதை நிறுத்த வைத்தது வழக்கு பயம் மட்டும்தான் என்று சொல்வது பொருளாதாரத்தை மறப்பதாகும். 1949 முதல் ஒரு டாலருக்கு 360 யென் என்று நிலைநிறுத்தப்பட்டிருந்த மாற்று விகிதம் 1971இல் உடைந்தது. 1973 முதல் யென் சந்தைப் போக்கில் மிதந்தது. அதன் மதிப்பு ஏற ஏற, ‘மார்ட்டினைப் போன்றது, ஆனால் மலிவு’ என்ற விற்பனை வாதத்தின் இரண்டாவது பாதி கரைந்தது. அந்த இடத்தைப் பிடிக்கத் தைவானும் கொரியாவும் காத்திருந்தன. மலிவால் இனி வெல்ல முடியாது என்ற நிலையில், வேறு யாரிடமும் இல்லாத ஒன்றைத் தர வேண்டிய கட்டாயம் எழுந்தது.

அந்த ஒன்று எதுவாக இருக்க வேண்டும் என்பதை மேடை சொன்னது. 1970களில் இசை நிகழ்ச்சிகள் விளையாட்டு அரங்குகளுக்கு இடம் மாறின. மரக் கிட்டாரின் முன் மைக் வைத்தால் பாடகர் அசையாமல் நிற்க வேண்டும். ஒலியைச் சற்று உயர்த்தினால் ஒலிபெருக்கியிலிருந்து வரும் சத்தம் கிட்டாரின் மேற்பலகையையே அதிரவைத்து ஊளையிடும். 1978 வாக்கில் தகாமினே கொண்டுவந்த ‘பாலத்தெட்டிக்’ பிக்கப் இந்தச் சிக்கலுக்கான விடை. அழுத்தத்தை மின்னழுத்தமாக மாற்றும் பீசோ படிகங்கள் 6, கம்பிக்கு ஒன்றாக, தனித்தனி உலோகக் கூடுகளில் அடைக்கப்பட்டன. பிரிட்ஜுக்கு நேர் கீழே மேற்பலகையில் துளையிட்டு, அக்கூடுகள் கீழிருந்து மேலே ஏறிக் கம்பிகளைத் தாங்கும் சேடிலைத் தொடுமாறு பொருத்தப்பட்டன. பலகையின் அதிர்வைவிடக் கம்பியின் அதிர்வை முதன்மையாகப் பிடிப்பதால் ஊளை வெகுவாகக் குறைந்தது. உலோகக் கூடு மின் இரைச்சலைத் தடுத்தது. கிட்டாரின் பக்கவாட்டிலேயே பதிந்த முன்பெருக்கியில் ஒலியளவையும் தொனியையும் இசைஞரே விரலால் திருத்திக்கொள்ள முடிந்தது.

இதில் தகாமினேக்குத் தனிப் பெருமை என்ன, ஒவேஷன் முன்பே செய்ததுதானே என்பது நியாயமான மறுப்பு. பார்கஸ்-பெர்ரி நிறுவனம் 1960களிலேயே பீசோ பிக்கப்புகளை விற்றது. ஹெலிகாப்டர் பொறியாளரான சார்லஸ் கமான் 1966இல் தொடங்கிய ஒவேஷன், சேடிலில் பீசோ பதித்த கிட்டார்களைத் தகாமினேக்கு முன்பே மேடையேற்றியது. அதே கமான் நிறுவனமே அமெரிக்காவில் தகாமினேயின் விநியோகஸ்தராகவும் இருந்ததால், அறிவு ஒரு பக்கத்திலிருந்து மறுபக்கம் சென்றிருக்கும் என்று ஊகிப்பதில் தவறில்லை. ஆகவே கோட்பாட்டின் பெருமை ஒவேஷனுக்கும் அதன் முன்னோடிகளுக்குமே உரியது. ஆனால் ஒவேஷன் மின்னொலியைக் கொடுத்தபோது, செயற்கைப் பொருளால் ஆன கிண்ணம் போன்ற முதுகையும் சேர்த்தே கொடுத்தது. வழக்கமான மர உடலை விரும்பியவர்கள் அதை ஏற்கத் தயங்கினார்கள். பழகிய உடலையும் நம்பகமான மின்னொலியையும் ஒரே கருவியில் இணைத்ததே தகாமினேயின் பங்களிப்பு. மார்ட்டினின் உடலை ஆண்டுக்கணக்கில் செய்து பழகியிராத பட்டறையால் அந்த இணைப்பை இவ்வளவு விரைவில் செய்திருக்க முடியாது.

கருவி வரிசைகள்

மாதிரிப் பெயர்களே இந்த மாற்றத்தைப் பதிவு செய்கின்றன. பழைய எஃப் வரிசையின் முன்னால் மின்னொலியைக் குறிக்கும் ‘ஈ’ சேர்ந்து ஈ.எஃப் வரிசை உருவானது. பின்னால் வரும் ‘எஸ்’ ஒட்டுப்பலகைக்குப் பதில் முழு மரத்தில் செய்த மேற்பலகையையும், ‘சி’ உயர்சுரங்களை எட்டுவதற்காக வெட்டப்பட்ட தோளையும் காட்டின. புரூஸ் ஸ்பிரிங்ஸ்டீன் கையில் உலகம் பார்த்த கறுப்பு நிற ஈ.எஃப்-341 எஸ்.சி இவ்வாறு வளர்ந்த கருவி. ஈகிள்ஸ் குழுவின் கிளென் ஃபிரேயின் பெயரில் ஈ.எஃப்-360 அடிப்படையிலான ஒரு மாதிரி வந்தது. கார்த் புரூக்ஸுக்காகச் செய்த ஜி.பி-7 சி மாதிரியில் ஒலித்துளையே கிட்டார் வடிவில் இருக்கும். ஜப்பானில் பாடகர் நாகாபுச்சி ட்சுயோஷி தகாமினே கிட்டாரோடு பெயர் பெற்றவர். டிரெட்நாட்டைத் தவிர, சற்றே சிறிய நெக்ஸ் உடல், மெல்லிய உடல் கொண்ட மேடைக் கருவிகள், 12 கம்பிக் கிட்டார், ஆண்டுதோறும் வெளியாகும் வரையறுத்த பதிப்புகள் எனப் பட்டியல் நீள்கிறது. உயர் வகைகள் ஜப்பானிலும், விலை குறைந்த ஜி வரிசை வெளிநாடுகளிலும் தயாராகின்றன. நகலெடுத்த பட்டறையின் பழைய இடத்தில் இப்போது அதுவே பிறரை அமர்த்தியிருக்கிறது. முன்பெருக்கியைக் கழற்றி வேறொன்றைப் பொருத்தும் வசதியும், வெற்றிடக் குழாயைப் பயன்படுத்தும் ‘கூல் டியூப்’ முன்பெருக்கியும் மேடைச் சிக்கலை அந்நிறுவனம் கைவிடவே இல்லை என்பதற்குச் சான்றுகள்.

இறுதியாக ஒரு மறுப்பு. இதெல்லாம் மின்னணுவியல், கிட்டார் கலை அல்ல என்று மரபாளர்கள் சொல்வார்கள். பீசோவின் ஒலியில் மரத்தின் இயல்பான காற்றோட்டம் குறைந்து கூர்மை மிகுந்திருக்கிறது என்றும் குறை காண்பார்கள். இரண்டாவது குறையில் உண்மை உண்டு. பதிவரங்குகளில் இன்றும் நல்ல மைக்குக்கே முதலிடம். ஆனால் முதல் கூற்று நிற்காது. மேற்பலகையில் மிக அதிக இழுவிசையைத் தாங்கும் இடத்தில் 6 துளைகளைப் போட்டு, அது உப்பாமலும் பிளக்காமலும் பார்த்துக்கொள்வது மரவேலையின் தேர்ச்சி. மின்னொலிக்குப் பெயர்பெற்ற இதே நிறுவனம் நைலான் கம்பிச் செவ்வியல் கிட்டார்களுக்கு ஹிராடேயின் பெயரையே சூட்டி ஒரு தனி வரிசையை வளர்த்ததையும் மரபாளர்கள் கணக்கில் எடுக்க வேண்டும்.

ஒரு பட்டறையின் தனித்தன்மையை அது எந்த உருவத்தைப் பின்பற்றியது என்பதைக் கொண்டு அளப்பது போதாது. எந்தச் சிக்கலைத் தீர்த்தது என்பதைக் கொண்டே அளக்க வேண்டும். அந்த அளவுகோலில், எழுத்துச் சாயல் என்ற பிழையைக் கழித்த பிறகும், தகாமினேயின் நகல் ஆண்டுகள் அதன் கல்விக்காலமாகவே நிற்கின்றன. ஜப்பானிய இசைக்கருவித் தொழிலின் வரலாற்றை இனி எழுதுவோர் அந்த ஆண்டுகளை அடிக்குறிப்பில் ஒதுக்காமல் மைய அதிகாரத்தில் சேர்ப்பதே முறை.