அந்தோனி ஜான்சன்: ஆவணங்களின் வழியே ஓர் ஆப்பிரிக்கக் குடும்பம்

அமெரிக்காவின் தொடக்ககாலக் குடும்பங்களைத் தேடுவோர் பெரும்பாலும் மேஃபிளவர் கப்பலின் பயணிகளிடமே போய் நிற்கிறார்கள். அதே காலத்தில் வர்ஜீனியாவில் கால்வைத்த ஆப்பிரிக்கர்களின் வழித்தடத்தைப் பின்தொடர்வது அரிது. பதிவேடுகளில் பலருக்குக் குடும்பப் பெயர் இல்லை, சிலருக்குப் பெயரே இல்லை. இந்த நிலையில் மூன்று தலைமுறைக்குத் தடம் விட்டுச் சென்ற அந்தோனி ஜான்சனின் குடும்பம் ஆய்வாளருக்குக் கிடைத்த அரிய வாய்ப்பு.

அவர் 1621இல் ‘ஜேம்ஸ்’ என்ற கப்பலில் வந்தார். ‘அந்தோனியோ, ஒரு நீக்ரோ’ என்பதே பதிவு. பென்னட் குடும்பத்தின் புகையிலைத் தோட்டத்தில் வேலை. மறு ஆண்டு மார்ச் 22 அன்று பவ்ஹாட்டன் பழங்குடியினர் குடியேற்றங்களைத் தாக்கியபோது அத்தோட்டத்தில் 52 பேர் மாண்டனர். உயிர்தப்பிய மிகச் சிலரில் இவரும் ஒருவர். அதே 1622இல் ‘மார்கரெட் அண்ட் ஜான்’ கப்பலில் மேரி என்ற ஆப்பிரிக்கப் பெண் அங்கே வந்துசேர்ந்தார். இருவரும் மணந்து நான்கு பிள்ளைகளைப் பெற்றனர், விடுதலையும் பெற்றனர். அந்தோனியோ இப்போது அந்தோனி ஜான்சன்.

பின்னர் குடும்பம் செசபீக் விரிகுடாவின் கிழக்குக் கரையில் நார்தாம்ப்டன் பகுதியில் குடியேறியது. ஆள் கொண்டுவருவோருக்குத் தலைக்கு 50 ஏக்கர் தருவது அக்கால வழக்கம். அவ்வகையில் ஐந்து பேருக்கு ஈடாக 1651இல் அந்தோனிக்கு 250 ஏக்கர் கிடைத்தது. 1653இல் தீவிபத்தால் பெரும் இழப்பு. அதை முன்னிட்டு மேரிக்கும் இரு மகள்களுக்கும் நீதிமன்றம் ஆயுள் முழுவதும் தலைவரி விலக்கு அளித்தது. பத்தாண்டுக்கு முன் வந்த சட்டப்படி ஆங்கிலேயப் பெண்களுக்கு இல்லாத இவ்வரி ஆப்பிரிக்கப் பெண்களுக்கு உண்டு. எனவே அந்தத் தீர்ப்பு பண உதவி மட்டுமல்ல. அக்கம்பக்கத்தார் இக்குடும்பத்தை எவ்வளவு மதித்தார்கள் என்பதற்கும் சான்று.

அடுத்த ஆவணம் மனத்தைக் கனக்கச் செய்வது. ஜான்சனிடம் வேலைசெய்த ஜான் கேசர் என்ற ஆப்பிரிக்கர், தன் ஒப்பந்தக் காலம் முடிந்து ஆண்டுகள் பல ஆகியும் தன்னை விடவில்லை என்று முறையிட்டார். மனைவியும் மகன்களும் வற்புறுத்த, ஜான்சன் முதலில் இணங்கினார். கேசர் பக்கத்து வெள்ளைப் பண்ணையாரிடம் போனதும் வழக்குத் தொடுத்து, 1655 மார்ச்சில் வென்று, அவரை ஆயுள் முழுவதும் தன்னிடமே வைத்துக்கொண்டார். முன்னோரைப் பற்றி எழுதுபவர் இதை மறைக்கக் கூடாது. அதேபோல, அமெரிக்க அடிமைமுறையே இவரால் தொடங்கியது என்ற பரவலான கூற்றும் தவறு. தப்பியோடிப் பிடிபட்ட ஜான் பஞ்ச் என்ற ஆப்பிரிக்கருக்கு 1640லேயே வர்ஜீனிய ஆட்சி ஆயுள் அடிமைத்தனத்தை விதித்திருந்தது. உடன் ஓடிய இரு ஐரோப்பியருக்கோ கூடுதலாக நான்காண்டு வேலைதான்.

1660களில் ஜான்சன் குடும்பம் மேரிலாந்துக்குப் பெயர்ந்து 300 ஏக்கரைக் குத்தகைக்கு எடுத்தது. அங்கே 1670இல் அந்தோனி இறந்தார். அவ்வாண்டே வர்ஜீனியாவில் ஒரு ஜூரி, அவர் நீக்ரோ, ஆதலால் அயலார் என்று கூறி, அங்கு அவர் விட்டுவந்த நிலம் அரசுக்குரியது என முடிவுசெய்தது. நிலம் வழங்கி, வரி விலக்கி, வழக்கிலும் வெல்லவைத்த அதே காலனி இருபதே ஆண்டுகளில் அவரை அயலாராக்கியது. இடையில் 1662இல், தாய் அடிமையெனில் பிள்ளையும் அடிமை என்ற சட்டம் வந்திருந்தது. ஜான்சன் குடும்பத்தின் ஆவணங்கள் நமக்கு முக்கியமாவது இதனால்தான்: நிறத்தை வைத்து உரிமையைப் பறிக்கும் ஏற்பாடு படிப்படியாக இறுகியதை ஒரே வீட்டின் கதையில் ஆண்டுவாரியாகக் காட்டுகின்றன.

கணவருக்குப் பின்னும் மேரி குத்தகை நிலத்தைக் காத்தார். 1677இல் பேரன் ஜான் மேரிலாந்தில் 44 ஏக்கர் வாங்கி அதற்கு ‘அங்கோலா’ என்று பெயரிட்டார். தாத்தாவின் பூர்விகம் அங்கோலாவே என்று ஆய்வாளர்கள் கருத இப்பெயர் வலுவான காரணம்.