ஊதினால் ஆறும் வலி

நடக்கப் பழகிய குழந்தை வாசற்படியில் தடுக்கி விழுகிறது. ரத்தம் இல்லை, சிராய்ப்புகூட இல்லை. ஒரு நொடி சுற்றுமுற்றும் பார்க்கிறது. பாட்டியின் முகத்தைக் கண்டதும் வீறிட்டு அழுகிறது. பாட்டி வாரியெடுத்து முழங்காலைத் தேய்த்து, ஃபூ ஃபூ என்று ஊதுகிறார். "இந்தப் படிதானே என் தங்கத்தைத் தள்ளிவிட்டுச்சு? இந்தா, வாங்கிக்க!" என்று படிக்கு இரண்டு அடி. குழந்தையும் தன் பங்குக்கு ஒன்று வைக்கிறது. அழுகை நின்றுவிடுகிறது.

தமிழ் வீடுகளில் இந்த வைத்தியத்துக்குப் பல வடிவங்கள் உண்டு. ஒன்றுமே இல்லாத விரலால் 'மருந்து' தடவுவார்கள். ஒரு சொட்டுத் தேங்காய் எண்ணெய் வைப்பார்கள். வயிற்றைப் பிடித்துக்கொண்டு சிணுங்கும் பிள்ளைக்குத் தொப்புளைச் சுற்றி விளக்கெண்ணெய் பூசுவார்கள். நமக்கு மட்டும் உரிய வழக்கமும் அல்ல இது. ஸ்பானிய மொழி பேசும் நாடுகளில் தவளையின் வாலைப் பற்றிய பாட்டைப் பாடிக்கொண்டே அடிபட்ட இடத்தைத் தேய்ப்பார்கள். ஜப்பானியத் தாய்மார்கள் வலியைப் பறந்து போகச் சொல்லிக் கையை வீசுவார்கள்.

படித்த மருத்துவர்களும் பெரியவர்களிடம் இதைத்தான் செய்துவந்தார்கள். தமக்குத் தெரிந்த மிக வெற்றிகரமான மருத்துவர்களில் ஒருவர், மற்ற எல்லா மருந்துகளையும்விட ரொட்டி மாத்திரையையும் வண்ணத் தண்ணீரையும் மரச்சாம்பலையுமே அதிகம் கொடுத்ததாகத் தம்மிடம் சொன்னதை, அமெரிக்க அதிபர் தாமஸ் ஜெஃபர்சன் 1807-ல் ஒரு கடிதத்தில் எழுதியிருக்கிறார்.

அதற்குச் சில ஆண்டுகள் முன்பே இதைச் சோதித்துப் பார்த்தவர் ஜான் ஹேகார்த் என்ற ஆங்கிலேய மருத்துவர். அமெரிக்காவின் எலிஷா பெர்கின்ஸ், வலியை இழுத்து எடுக்கும் என்று சொல்லி இரண்டு கூரான உலோகக் குச்சிகளுக்கு 1796-ல் காப்புரிமை வாங்கி விற்றுக்கொண்டிருந்தார். ஹேகார்த் அதே போல மரக்குச்சிகள் செய்து, உலோகம் போலத் தெரியும்படி வண்ணம் பூசி, 1799-ல் பாத் நகரில் மூட்டுவாத நோயாளிகள் ஐவரின் உடலில் தடவிப் பார்த்தார். நால்வர் வலி குறைந்ததாகச் சொன்னார்கள். மறுநாள் உலோகக் குச்சியால் தடவியபோதும் கிடைத்த பலன் ஏறக்குறைய அதேதான்.

குழந்தைகளுக்குக் கேடு செய்தவை இத்தகைய பொய் மருந்துகள் அல்ல. அழுகையை நிறுத்த வந்த வீரியமான மருந்துகள்தான். 1849 வாக்கில் அமெரிக்காவின் மெய்ன் மாநிலத்தில் 'மிஸஸ் வின்ஸ்லோஸ் சூத்திங் சிரப்' விற்பனைக்கு வந்தது. பல் முளைக்கும் குழந்தைக்கு ஏற்றது என்று விளம்பரம். விளம்பர அட்டைகளில் பிள்ளையைக் கொஞ்சும் தாயின் படம். உள்ளே அவுன்சுக்கு ஏறத்தாழ 65 மில்லிகிராம் மார்ஃபின். பிள்ளைகள் உறங்கின. சில பிள்ளைகள் எழுந்திருக்கவே இல்லை. 1911-ல் அமெரிக்க மருத்துவச் சங்கம் இதைக் குழந்தைக் கொல்லிகளின் வரிசையில் சேர்த்த பிறகும் சில காலம் கடைகளில் கிடைத்தது. நம் நாட்டிலும் பம்பாய்ப் பஞ்சாலைகளில் வேலைக்குப் போன தாய்மார்கள், பார்த்துக்கொள்ள ஆளில்லாமல் கைக்குழந்தைக்கு அபினி கொடுத்து உறங்க வைத்துவிட்டுப் போனது 1920-களின் ஆய்வுகளில் பதிவாகியிருக்கிறது. அந்தத் தாய்மார்களைக் குறை சொல்லிப் பயனில்லை. ஊதிவிட ஒருவர் வீட்டில் இருந்திருந்தால் அபினிக்கு வேலை இருந்திருக்காது.

கேடில்லாத ஆறுதல் ஒன்றும் வந்தது. 1920-ல் அமெரிக்காவின் நியூ ஜெர்சியில் ஏர்ல் டிக்சன் என்பவர், சமையலறையில் அடிக்கடி கையை வெட்டிக்கொள்ளும் மனைவிக்காக ஒட்டுநாடாவில் பஞ்சுத்துணி வைத்துச் செய்ததுதான் பேண்ட்-எய்ட். 1950-களில் அதில் வண்ணப் படங்கள் ஏறின. ரத்தமே வராத இடத்துக்கும் பிளாஸ்திரி கேட்டு அடம்பிடிக்கும் பிள்ளைகள் இன்று எல்லா ஊரிலும் உண்டு.

பாட்டி தேய்த்துவிட்டதற்கு விளக்கம் 1965-ல் கிடைத்தது. தொடு உணர்வைக் கொண்டுபோகும் நரம்புகள் வேலை செய்யும்போது, தண்டுவடத்திலேயே வலிச் செய்தி மட்டுப்படுகிறது என்று ரொனால்ட் மெல்சாக்கும் பேட்ரிக் வாலும் எழுதினார்கள். பொய் மருந்தையும் பிள்ளைகளிடம் சோதித்தார்கள். 2014-ல் அமெரிக்காவில் இரவு இருமலால் அவதிப்பட்ட 119 சின்னக் குழந்தைகளை வைத்து ஓர் ஆய்வு நடந்தது. கற்றாழை போலத் தோன்றும் அகாவே செடியின் இனிப்புச் சாறு சிலருக்கு, வெறும் சுவைநீர் சிலருக்கு, மற்றவர்களுக்கு ஒன்றுமில்லை. சாறு குடித்த பிள்ளைகளும் சுவைநீர் குடித்த பிள்ளைகளும் ஒன்றும் குடிக்காதவர்களைவிட நன்றாக இருந்ததாகப் பெற்றோர் சொன்னார்கள். சாற்றுக்கும் சுவைநீருக்கும் வித்தியாசம் தெரியவில்லை. பிள்ளைக்கு ஏதோ செய்தோம் என்ற நிம்மதி பெற்றோருக்கும் தேவைப்படுகிறது என்பதையும் இதிலிருந்து புரிந்துகொள்ளலாம்.

இந்த வைத்தியத்துக்கு எல்லை உண்டு. தலையில் அடிபட்டு வாந்தி எடுத்தாலோ, வயிற்று வலி தூக்கத்தைக் கெடுத்தாலோ, கைக்குழந்தைக்குக் காய்ச்சல் என்றாலோ உடனே மருத்துவரிடம் போக வேண்டும். சிணுங்கலுக்கெல்லாம் சிரப் பாட்டிலைத் திறக்கவும் கூடாது. மற்றபடி, பிள்ளை முழங்காலைக் காட்டிக்கொண்டு வந்து நின்றால், கையில் இருக்கும் செல்போனை வைத்துவிட்டுப் பக்கத்தில் உட்கார்ந்து ஊதிவிடுங்கள்.