எசுப்பானிய மொழி அமிழ்வுக் கல்வி

எசுப்பானிய மொழி அமிழ்வுக் கல்வி என்பது எசுப்பானிய மொழியைத் தனிப் பாடமாகக் கற்பிப்பதோடு நில்லாமல், கணிதம், அறிவியல், சமூகவியல் முதலிய பாடங்களையும் அம்மொழியிலேயே கற்பிக்கும் தொடக்கக் கல்வி முறை ஆகும். ஐக்கிய அமெரிக்காவின் பல பொதுப் பள்ளிகளில் இம்முறை நடைமுறையில் உள்ளது. பெரும்பாலும் இது மழலையர் வகுப்பில் தொடங்கி ஐந்தாம் வகுப்பு வரை தொடர்கிறது. குழந்தையை இதில் சேர்ப்பதா வேண்டாமா என்பதைக் குழந்தைக்கு ஐந்து வயது ஆகும்போதே பெற்றோர் முடிவு செய்ய வேண்டியுள்ளது. அம்முடிவின் பலனோ பல ஆண்டுகளுக்குப் பின்னரே முழுமையாகத் தெரிகிறது.

வரலாறு

1959 ஆம் ஆண்டு கியூபப் புரட்சிக்குப் பின் ஏராளமான கியூப மக்கள் புளோரிடா மாநிலத்தின் மயாமி நகரில் குடியேறினர். 1963 இல் அந்நகரின் கோரல் வே தொடக்கப் பள்ளியில், எசுப்பானிய மொழி பேசும் குழந்தைகளும் ஆங்கிலம் பேசும் குழந்தைகளும் இரு மொழிகளிலும் பயிலும் திட்டம் தொடங்கப்பட்டது.

கனடாவின் கியூபெக் மாகாணத்தில் உள்ள செயின்ட் லாம்பர்ட்டில், ஆங்கிலம் பேசும் பெற்றோர் விடுத்த கோரிக்கையின் விளைவாக 1965 இல் பிரெஞ்சு மொழி அமிழ்வு வகுப்பு தொடங்கியது. மெக்கில் பல்கலைக்கழக உளவியலாளர் வாலஸ் லாம்பர்ட் அக்குழந்தைகளின் வளர்ச்சியை ஆண்டுதோறும் ஆராய்ந்தார். தாய்மொழித் திறன் குன்றாமலேயே அவர்கள் பிரெஞ்சு மொழியைக் கற்றனர் என்பது அவரது முடிவு. இதனைப் பின்பற்றி 1971 இல் கலிபோர்னியாவின் கல்வர் நகரில் எசுப்பானிய மொழி அமிழ்வு வகுப்பு தொடங்கப்பட்டது.

கலிபோர்னியாவில் 1998 இல் வாக்கெடுப்பு மூலம் நிறைவேறிய 227 ஆம் முன்மொழிவு, ஆங்கிலம் அறியாத குழந்தைகளுக்கு ஆங்கில வழிக் கல்வியையே பொது விதியாக்கியது. இருமொழி வகுப்பு வேண்டுமெனில் பெற்றோர் விலக்கு கோரி எழுத்து மூலம் விண்ணப்பிக்க வேண்டியிருந்தது. 2016 இல் நிறைவேறிய 58 ஆம் முன்மொழிவு இக்கட்டுப்பாட்டை நீக்கியது. யூட்டா மாநிலம் 2008 இல் தனிச் சட்டம் இயற்றி அமிழ்வுக் கல்வியை மாநிலம் முழுவதும் விரிவுபடுத்தியது.

வகைகள்

மாணவர்களின் தாய்மொழியைக் கொண்டு இது இரு வகைப்படும். ஒருவழி அமிழ்வில் பெரும்பாலான மாணவர்கள் எசுப்பானிய மொழி அறியாதவர்கள். இருவழி அமிழ்வில் எசுப்பானிய மொழி பேசும் மாணவர்களும் ஆங்கிலம் பேசும் மாணவர்களும் ஏறத்தாழச் சம அளவில் சேர்க்கப்படுகின்றனர்.

பயிற்று நேரத்தைக் கொண்டு 50:50, 90:10 என இரு முறைகள் பரவலாக உள்ளன. முதல் முறையில் தொடக்கம் முதலே இரு மொழிகளுக்கும் சம நேரம் ஒதுக்கப்படும். இரண்டாம் முறையில் ஆங்கிலத்தின் பங்கு படிப்படியாக உயரும். பள்ளிக்குப் பள்ளி வேறுபாடு இருப்பினும், 90:10 முறையின் பொதுவான அமைப்பு பின்வருமாறு அமையும்:

* மழலையர் வகுப்பு: எசுப்பானியம் 90%, ஆங்கிலம் 10%
* முதல் வகுப்பு: 90%, 10%
* இரண்டாம் வகுப்பு: 80%, 20%
* மூன்றாம் வகுப்பு: 70%, 30%
* நான்காம் வகுப்பு: 60%, 40%
* ஐந்தாம் வகுப்பு: 50%, 50%

இவ்வட்டவணையின்படி, இரண்டாம் வகுப்பை முடிக்கும் குழந்தை அதுவரை பெற்ற மொத்தப் பயிற்று நேரத்தில் ஏறத்தாழ 13% மட்டுமே ஆங்கிலத்தில் அமைந்திருக்கும். அடுத்த மூன்று ஆண்டுகளில் ஆங்கிலத்தின் பங்கு 40% ஆகும்.

வாசிப்புத் திறன்

90:10 முறையில் குழந்தை முதலில் எசுப்பானிய மொழியிலேயே எழுத்துக் கூட்டிப் படிக்கக் கற்கிறது. எசுப்பானிய மொழியில் எழுத்துக்கும் ஒலிக்கும் உள்ள தொடர்பு ஆங்கிலத்தை விடச் சீரானது. இரு மொழிகளும் இலத்தீன் எழுத்துக்களையே பயன்படுத்துவதாலும், இலத்தீன் வேர் கொண்ட சொற்கள் பல இரண்டிலும் இருப்பதாலும், ஒரு மொழியில் பெற்ற வாசிப்புத் திறன் மற்றதற்கும் உதவுகிறது. எடுத்துக்காட்டாக, விலங்கைக் குறிக்கும் 'அனிமல்' என்ற சொல் இரு மொழிகளிலும் ஒரே எழுத்துக்களால் எழுதப்படுகிறது. ஒலிப்பு மட்டுமே வேறுபடும்.

எனினும் தொடக்க ஆண்டுகளில் ஆங்கில வாசிப்பில் தற்காலிகப் பின்னடைவு காணப்படுவது வழக்கம். ஆங்கிலத்தில் முறையான வாசிப்புப் பயிற்சி தொடங்கிய பின் இது பொதுவாகச் சரியாகிவிடுகிறது.

தேர்வு முடிவுகளும் ஆய்வுகளும்

கூட்டரசுச் சட்டப்படி வாசிப்பு, கணிதத் தேர்வுகள் மூன்றாம் வகுப்பு முதல் ஆண்டுதோறும் நடத்தப்படுகின்றன. ஆங்கிலப் பயிற்சி அப்போதுதான் வலுப்பெறத் தொடங்குவதால், மூன்றாம் வகுப்பு ஆங்கில மதிப்பெண்ணை மட்டும் கொண்டு 90:10 பள்ளியை மதிப்பிடுவது தவறான முடிவுக்கு வழிவகுக்கலாம். மறுபுறம், ஐந்தாம் வகுப்பு மதிப்பெண்ணும் முழு உண்மையைக் காட்டுவதில்லை. இடையில் விலகிய குழந்தைகள் அதில் இடம்பெறுவதில்லை.

ஓரிகன் மாநிலத்தின் போர்ட்லண்ட் நகரில் அமிழ்வு வகுப்புகளுக்கான இடங்கள் குலுக்கல் மூலம் வழங்கப்பட்டதால், இடம் பெற்றவர்களையும் பெறாதவர்களையும் ஒப்பிட முடிந்தது. எசுப்பானியம் உள்ளிட்ட பல மொழி வகுப்புகளை ஆராய்ந்த ராண்ட் நிறுவனத்தின் ஆய்வு 2015 இல் வெளியானது. அமிழ்வு மாணவர்கள் ஆங்கில வாசிப்பில் ஐந்தாம் வகுப்பில் ஏறத்தாழ 7 மாதங்களும், எட்டாம் வகுப்பில் 9 மாதங்களும் முன்னிலையில் இருந்தனர். கணிதத்திலும் அறிவியலிலும் குறிப்பிடத்தக்க வேறுபாடு காணப்படவில்லை.

பெற்றோர் ஆராயும் கூறுகள்

* தொடர்ச்சி: இரண்டாம் வகுப்பு முடிவில் ஆங்கில வழி வகுப்புக்கு மாறும் குழந்தை, பின்னடைவைச் சுமந்து செல்கிறது, அதன் பலனைப் பெறுவதில்லை. எனவே விரைவில் வேறு ஊருக்குக் குடிபெயரும் வாய்ப்புள்ள குடும்பங்கள் இதனைக் கருத்தில் கொள்ள வேண்டும்.
* சேர்க்கை: முதல் வகுப்புக்குப் பின் புதிதாகச் சேர்வோர் பல பள்ளிகளில் மொழித் தேர்வில் தேற வேண்டும். இதனால் விலகியோரின் இடங்கள் எளிதில் நிரம்புவதில்லை. மேல் வகுப்புகள் சிறுத்துவிடுகின்றன.
* ஆசிரியர்கள்: இரு மொழியும் அறிந்த, தகுதி பெற்ற ஆசிரியர்கள் குறைவு. எசுப்பானியா முதலிய நாடுகளில் இருந்து வரும் ஆசிரியர்கள் சில ஆண்டுகளில் நாடு திரும்புவதும் உண்டு.
* வீட்டுப்பாடம்: எசுப்பானிய மொழி அறியாத பெற்றோரால் நேரடியாக உதவ இயலாது. ஆங்கிலத்தில் கதை வாசித்துக் காட்டுவதைப் பள்ளிகள் பரிந்துரைக்கின்றன.
* கற்றல் இடர்ப்பாடு: சொற்குருடு போன்ற இடர்ப்பாடு இருப்பின் அது எம்மொழியிலும் வெளிப்படும். ஆனால் தொடக்க ஆண்டுகளில் அதனை மொழிப் பின்னடைவு எனக் கருதித் தாமதிக்கும் அபாயம் உண்டு. சிறப்பு உதவி எம்மொழியில், யாரால் அளிக்கப்படும் என்பதைச் சேர்க்கைக்கு முன்பே பள்ளியில் கேட்டறிவது நன்று.
* நடுநிலைப் பள்ளி: ஐந்தாம் வகுப்புக்குப் பின் தொடர வழியில்லையெனில் பேச்சுத் திறன் விரைவில் மங்கக்கூடும்.

விமர்சனங்கள்

அமிழ்வு மாணவர்களின் கேட்டுப் புரிந்துகொள்ளும் திறன் சிறப்பாக இருப்பினும், பேச்சிலும் எழுத்திலும் இலக்கணப் பிழைகள் நீடிப்பதைக் கனடிய மொழியியலாளர் மெரில் ஸ்வெய்ன் பிரெஞ்சு வகுப்புகளில் கண்டறிந்தார். மேல் வகுப்பு மாணவர்கள் தமக்குள் ஆங்கிலத்திலேயே பேசிக்கொள்வதும் பரவலாகக் காணப்படுகிறது. இருவழி வகுப்புகளில் எசுப்பானிய மொழி பேசும் நண்பர்கள் இருப்பது இக்குறையை ஓரளவு ஈடுசெய்கிறது.

இடங்கள் யாருக்குச் செல்கின்றன என்பதும் விவாதத்திற்குரியது. வசதி படைத்த ஆங்கிலக் குடும்பங்களுக்கு இரண்டாம் மொழி கூடுதல் தகுதியாகிறது. குடியேறியோரின் குழந்தைகளுக்கோ அது பெற்றோருடன் பேசும் மொழி. பள்ளியில் இடமில்லாவிடில் இழக்க நேரிடும் மொழி. இவ்விரு நிலைகளையும் லாம்பர்ட் முறையே கூட்டல் இருமொழியம், கழித்தல் இருமொழியம் என வேறுபடுத்தினார்.

வீட்டில் தமிழ் போன்ற வேறொரு மொழி பேசும் குழந்தைகளுக்கு எசுப்பானியம் மூன்றாவது மொழியாகிறது. இத்தகைய குடும்பங்களில் தாய்மொழியைப் பேணும் பொறுப்பு, ஆங்கிலவழிப் பள்ளியில் பயில்வோருக்குப் போலவே, முழுவதும் வீட்டையும் வார இறுதிப் பள்ளிகளையும் சார்ந்துள்ளது.