பத்து கிலோவுக்காக ஒரு போராட்டம்



வகுப்பில் சிறுநீரகம் பாடம் நடந்தபோது படம் வரைந்து பாகங்களைக் குறித்ததோடு முடித்துக்கொண்டோம். அந்த வடிகட்டி பிறக்கும்போதே ஓட்டையாக இருந்தால் என்ன ஆகும்? தேடிப் படித்ததில் கிடைத்த கதை இது. நடந்த இடம் பின்லாந்து.

1956-ல் ஹெல்சிங்கியின் குழந்தை மருத்துவர் நீலோ ஹால்மனும் அவருடைய சகாக்களும் ஒரு விசித்திரமான நோயைப் பற்றி எழுதினார்கள். குழந்தை பெரும்பாலும் குறைமாதத்தில் பிறக்கும். நஞ்சுக்கொடி மட்டும் குழந்தையின் எடையில் கால் பங்குக்கும் மேல் இருக்கும். ரத்தத்தில் இருக்க வேண்டிய புரதம் சிறுநீரோடு வெளியேறிக்கொண்டே இருப்பதால் உடம்பு வீங்கிவிடும். நோய்த்தொற்று சுலபமாகத் தாக்கும், ரத்தம் உறையும். ஸ்டீராய்டு கொடுத்தாலும் பலன் இல்லை. அந்தக் காலத்தில் இந்தக் குழந்தைகளில் பெரும்பாலோர் இரண்டு வயதைத் தாண்டவில்லை.

அடுத்து வந்தவர் ரெய்யோ நோரியோ. 57 குடும்பங்களை எடுத்துக்கொண்டு, தேவாலயப் பதிவேடுகளைப் புரட்டி முன்னோர்களைத் தேடினார். இது பரம்பரை நோய் என்று 1966-ல் நிறுவினார். தாய், தந்தை இருவரிடமிருந்தும் பழுதான மரபணு வந்தால்தான் நோய் வரும். பெற்றோர் இருவரும் ஆரோக்கியமாகவே இருப்பார்கள்! பின்லாந்தில் சுமார் 8,000 பிரசவங்களுக்கு ஒன்று என்ற கணக்கில் இது காணப்படுகிறது. சில குடும்பங்கள் போய்க் குடியேறி, பல தலைமுறைகள் தனித்தே வாழ்ந்த ஊர்கள் அங்கே அதிகம் என்பதுதான் காரணம்.

சரி, காரணம் தெரிந்துவிட்டது. குழந்தையைக் காப்பாற்றுவது எப்படி? மாற்று சிறுநீரகம் பொருத்தலாம். ஆனால் பெரியவர் ஒருவரின் சிறுநீரகம் அந்தச் சின்ன வயிற்றுக்குள் அடங்க வேண்டுமே? குழந்தை கிட்டத்தட்ட பத்து கிலோவாவது இருக்க வேண்டும். புரதம் போய்க்கொண்டிருந்தால் எடை கூடாது. எடை கூடாவிட்டால் ஆபரேஷன் இல்லை. இந்தச் சிக்கலை எப்படி அவிழ்ப்பது?

இங்கேதான் கிறிஸ்டர் ஹோம்பெர்க் வருகிறார். ஹெல்சிங்கி குழந்தைகள் மருத்துவமனையில் 1980-களில் தொடங்கிய சிறுநீரக மாற்றுத் திட்டத்தில் அவரும் குழுவினரும் பின்பற்றிய வழி இது. முதலில் தினமும் நரம்பு வழியாக ஆல்புமின் ஏற்றுவார்கள். மூக்குக் குழாய் வழியாகச் சத்துணவு போகும். எடை ஏழு கிலோவை எட்டியதும் இரண்டு சிறுநீரகங்களையும் எடுத்துவிடுவார்கள்!

படித்ததும் எனக்குத் தூக்கிவாரிப்போட்டது. கழிவை ஓரளவாவது அகற்றிக்கொண்டிருக்கும் உறுப்பை வேண்டுமென்றே எடுப்பதா? ஆனால் யோசித்துப் பாருங்கள். கழிவை அகற்ற டயாலிசிஸ் இருக்கிறது. புரதம் ஒழுகுவதை நிறுத்த வேறு வழி இல்லை. சிறுநீரகம் போனதும் ஒழுக்கும் நின்றது. வயிற்று வழி டயாலிசிஸில் சில மாதம் வைத்திருந்தார்கள், குழந்தை வளர்ந்தது. பத்து கிலோ அளவுக்கு வந்ததும் மாற்று சிறுநீரகம். பல குழந்தைகளுக்கு அதைக் கொடுத்தது அப்பா அல்லது அம்மாதான். சாவு நிச்சயம் என்றிருந்த நோயில் பெரும்பாலான குழந்தைகள் பிழைத்துப் பள்ளிக்கூடம் போனார்கள்.

1998-ல் கார்ல் ட்ரிக்வாசனின் குழு அந்த மரபணுவைக் கண்டுபிடித்தது. அது உருவாக்கும் புரதத்துக்கு நெஃப்ரின் என்று பெயர். வடிகட்டியின் நுண்ணிய இடைவெளிகளில் வலைபோல் நிற்பது அதுதான். பின்லாந்து நோயாளிகளில் 90 சதவீதத்துக்கும் மேல் இரண்டே இரண்டு மரபணு மாற்றங்களுக்குள் அடங்கிவிட்டார்கள்.

கதை இதோடு முடியவில்லை. மாற்று சிறுநீரகம் பெற்ற சில குழந்தைகளுக்குப் புரத ஒழுக்கு திரும்ப வந்தது! அவர்கள் உடம்பு நெஃப்ரினைப் பார்த்ததே இல்லை. புது சிறுநீரகத்தில் இருந்த நெஃப்ரினை அந்நியனாக நினைத்து அதை எதிர்க்கும் ஆன்டிபாடிகளை உண்டாக்கியது.

இந்த அரிய சங்கதி யாருக்கு உதவும் என்கிறீர்களா? 2024-ல் ஹாம்பர்க் மருத்துவர்கள் தலைமையில் ஓர் ஆய்வு வெளியானது. உலகெங்கும் சாதாரணமாகக் காணப்படும் குழந்தைப் பருவ நெஃப்ராட்டிக் நோயிலும், பலருடைய ரத்தத்தில் இதே நெஃப்ரின் எதிர்ப்பு ஆன்டிபாடிகள் இருப்பதை அது காட்டியது. மரபணுவில் கோளாறு இல்லாத குழந்தைகளுக்கும் ஒரு புதிய வழி தெரிகிறது.

மாற்று சிறுநீரகம் என்றென்றைக்கும் உழைக்காது, தினமும் மாத்திரை சாப்பிட வேண்டும். முழு வெற்றி என்று சொல்ல முடியாதுதான். ஆனாலும் ஏழு கிலோ குழந்தையின் இரண்டு சிறுநீரகங்களையும் எடுக்கச் சம்மதித்துக் கையெழுத்துப் போட்ட அந்தப் பெற்றோரின் தைரியத்தை நினைத்தால்... அடுத்த தடவை அந்தப் படத்தை வரையும்போது உங்களுக்கும் அவர்கள் ஞாபகம் வரட்டும்!