பெல்கிரேடில் காலியான இடம்

2011 நவம்பரில் ஜகார்த்தாவில் நடந்த சீ விளையாட்டுப் போட்டியின் காற்பந்து இறுதியாட்டத்தை மலேசியாவில் பந்து பார்க்கிற யாரும் மறந்திருக்க மாட்டார்கள். புங் கார்னோ அரங்கில், இந்தோனேசியாவின் சொந்த மண்ணில், பினால்டியில் வென்று மலேசியா தங்கம் எடுத்தது. அதே போட்டியில் வியட்நாம் நான்காவது. அரையிறுதியில் இந்தோனேசியாவிடம் 0-2, வெண்கலத்துக்கான ஆட்டத்தில் மியன்மாரிடம் 1-4. வியட்நாமின் பயிற்றுநர் ஒரு ஜெர்மானியர், ஃபால்கோ கோட்ஸ். டிசம்பரிலேயே அவரை அனுப்பிவிட்டார்கள். ஐரோப்பாவிலிருந்து வந்து, ஆறு மாதத்தில் பெட்டியைக் கட்டிக்கொண்டு திரும்பும் பயிற்றுநர்களை இந்தப் பக்கம் நாம் நிறையப் பார்த்திருக்கிறோம். அந்த வரிசையில் இன்னொருவர், அவ்வளவுதான் என்று தோன்றும்.

சில வருடம் கழித்து, கிழக்கு ஜெர்மனியின் உளவுத் துறையைப் பற்றி வாசித்துக்கொண்டிருந்தபோது அதே பெயர் கண்ணில் பட்டது. காற்பந்துக்குச் சம்பந்தமே இல்லாத இடம் என்று நான் நினைத்த பக்கத்தில். கோட்ஸ் பெரிய நட்சத்திரம் அல்ல. நடுத்திடலிலும் தற்காப்பிலும் ஆடி, குழு விட்டுக் குழு மாறிப் பிழைத்த தொழிலாளி. இவரைப் பற்றி எழுதப்போகிறேன் என்றதும் நண்பன் சிரித்தான். "பெக்கன்பவர் இருக்காரு, சாம்மர் இருக்காரு, இந்த ஆளப் பத்தி யாருடா படிப்பா?" என்றான். என் பதில் இதுதான்: நட்சத்திரங்களின் வாழ்க்கையில் நாம் திறமையைத்தான் பார்ப்போம். சராசரி ஆட்டக்காரனின் வாழ்க்கையில்தான் காலம் கண்ணுக்குத் தெரியும்.

கோட்ஸ் 1962இல் சாக்சனி பகுதியின் ரோடேவிஷ் ஊரில் பிறந்தவர். கிழக்கு பெர்லினின் பி.எஃப்.சி. டைனமோ குழுவில் ஆடினார். அது சாதாரணக் குழு இல்லை. டைனமோ விளையாட்டுச் சங்கத்தின் தலைவர் எரிக் மீல்கே. நாட்டின் உளவு அமைச்சகமான ஸ்டாசிக்கும் அவர்தான் தலைவர். 1979 முதல் 1988 வரை பத்து வருடம் தொடர்ந்து அந்தக் குழுதான் லீக் வெற்றியாளர். அத்தனை கிண்ணங்கள் வென்றும் நாட்டில் அதிகம் வெறுக்கப்பட்ட குழுவும் அதுதான். நடுவர்கள் யாருக்காக விசில் ஊதுகிறார்கள் என்று ரசிகர்களுக்குத் தெரியும் என்பார்கள். தொழில்முறை ஆட்டக்காரர் என்று அந்த நாட்டில் அதிகாரபூர்வமாக யாரும் கிடையாது. காவல் படையிலோ, ராணுவத்திலோ, ஆலையிலோ வேலை பார்ப்பவர் என்றுதான் பதிவு. ஆனால் காலையும் மாலையும் செய்வது பந்து உதைப்பது மட்டும்தான்.

அந்தக் குழுவில் இருந்த பெரிய சலுகை வெளிநாட்டுப் பயணம். பெரிய ஆபத்தும் அதுவே. 1979 மார்ச்சில் மேற்கு ஜெர்மனிக்கு நட்பு ஆட்டத்துக்குப் போன லுட்ஸ் ஐகன்டோர்ஃப் அங்கேயே தங்கிவிட்டார். 1983 மார்ச்சில் பிரவுன்ஷ்வைக் நகரில் கார் விபத்தில் படுகாயமடைந்து, இரண்டு நாளில் இறந்தார். வயது 26. அவரை ஸ்டாசி பல வருடம் கண்காணித்தது பின்னால் திறக்கப்பட்ட கோப்புகளில் தெரிந்தது. விபத்தில் அதன் கை இருந்ததா என்ற சந்தேகம் இன்றுவரை நிரூபிக்கப்படவில்லை, தீரவும் இல்லை.

ஐகன்டோர்ஃப் இறந்து எட்டே மாதம். 1983 நவம்பர் தொடக்கத்தில், ஐரோப்பியக் கிண்ணத்தில் பார்ட்டிசான் குழுவோடு மோத டைனமோ பெல்கிரேடுக்கு வந்தது. ஆட்டத்துக்கு முன் கடைத்தெருவில் சுற்ற ஆட்டக்காரர்களுக்குக் கொஞ்ச நேரம் கொடுத்தார்கள். கோட்ஸும் சக ஆட்டக்காரர் டிர்க் ஷ்லேகலும் ஒரு கடைக்குள் நுழைந்து, வேறு வழியாக வெளியே வந்து, ஓடினார்கள். டாக்சி பிடித்து மேற்கு ஜெர்மனியின் தூதரகம். அங்கேயே இருந்தால் ஆபத்து என்று அவர்களைக் காரில் சாக்ரெப் நகருக்குக் கொண்டுபோனார்கள். கையில் வேறு பெயரில் கடப்பிதழ். லுப்லியானாவிலிருந்து இரவு ரயில். காலையில் மூனிக்.

அன்று பெல்கிரேடில் ஆட்டம் நிற்கவில்லை. இரண்டு இடம் காலி. அதை நிரப்ப இறக்கப்பட்டவர்களில் 18 வயதுப் பையன் ஒருவன் இருந்தான். பெயர் ஆண்ட்ரியாஸ் டோம். டைனமோ 0-1 என்று தோற்றது. ஆனாலும் முதல் ஆட்டத்தில் எடுத்திருந்த இரண்டு கோல்களால் அடுத்த சுற்றுக்குப் போனது. இந்தப் பையனைக் கொஞ்சம் நினைவில் வைத்துக்கொள்ளுங்கள்.

தப்பியவர்களுக்கு உதவியவர் பயிற்றுநர் யோர்க் பெர்கர். 1979இல் யுகோஸ்லாவியா வழியாகவே தப்பி வந்த கிழக்கு ஜெர்மானியர். அவர் மூலம் இருவருக்கும் பாயர் லெவர்கூசன் குழுவில் இடம் கிடைத்தது. ஆனால் உடனே ஆட முடியாது. பழைய சங்கத்தின் அனுமதி இல்லாமல் குழு மாறியதற்கு ஃபிஃபா ஒரு வருடத் தடை விதித்தது. நாட்டை விட்டு ஓடியவன் என்பது ஃபிஃபாவின் கணக்கில் இல்லை. ஒப்பந்தம் மீறியவன், அவ்வளவே. கிழக்கு ஜெர்மனியின் கணக்கு வேறு. அனுமதியின்றி நாட்டை விட்டுப் போவது சட்டப்படி குற்றம். அப்படிப் போகும் வீரனுக்கு 'விளையாட்டுத் துரோகி' என்று தனிப் பெயரே வைத்திருந்தார்கள். குடும்பம் சுவருக்கு அந்தப் பக்கம்.

பிறகு வருவது ஒரு தொழிலாளியின் பயண அட்டவணை. ஷ்லேகல் சில வருடத்தில் மேற்கு பெர்லினின் புளூ-வைஸ் 90 குழுவுக்குப் போனார். பழைய திடல் சில கிலோமீட்டரில்தான், ஆனால் நடுவில் சுவர். கோட்ஸ் லெவர்கூசனிலேயே தங்கினார். 1988 மே மாதம் யூஃபா கிண்ண இறுதிச் சுற்று. முதல் ஆட்டத்தில் எஸ்பான்யோலிடம் 0-3 என்று தோற்ற லெவர்கூசன், இரண்டாம் ஆட்டத்தில் 3-0 என்று திருப்பியடித்துப் பினால்டியில் வென்றது. அன்றைய மூன்று கோல்களை அடித்தவர்கள் பிரேசிலின் டிட்டா, கோட்ஸ், தென்கொரியாவின் சா பும் குன். அதே வருடம் கோட்ஸ் கொலோன் குழுவுக்கு மாறினார்.

1989 நவம்பர் 9இல் பெர்லின் சுவர் திறந்தது. ஆறு நாள் கழித்து வியன்னாவில் உலகக் கிண்ணத் தகுதி ஆட்டம். கிழக்கு ஜெர்மனி ஆஸ்திரியாவிடம் 0-3 என்று தோற்றது. லெவர்கூசனின் நிர்வாகி ரைனர் கால்முண்ட் அங்கே ஓர் ஆளை அனுப்பியிருந்தார். புகைப்படக்காரர் அடையாள அட்டையோடு திடலுக்குள் நுழைந்து, கிழக்கின் ஆட்டக்காரர்களிடம் பேச்சுக் கொடுப்பதுதான் அவருக்குக் கொடுத்த வேலை. அடுத்த மாதமே முதல் பெரிய ஒப்பந்தம் முடிந்தது. அதிகாரபூர்வமாகக் கிழக்கிலிருந்து மேற்கு ஜெர்மனியின் முதல்தர லீக்குக்கு வந்த முதல் ஆட்டக்காரர் ஆண்ட்ரியாஸ் டோம். பெல்கிரேடில் காலியான இடத்தில் இறங்கிய அதே பையன். சேர்ந்தது லெவர்கூசனில். விலை இரண்டு மில்லியன் மார்க்குக்கும் மேல்.

இந்த இடத்தில்தான் நான் வாசிப்பை நிறுத்திவிட்டுக் கொஞ்ச நேரம் சும்மா உட்கார்ந்திருந்தேன். ஒரே குழுவிலிருந்து ஒரே குழுவுக்கு இரண்டு பேர் போகிறார்கள். ஒருவருக்குப் பொய்க் கடப்பிதழ், ஒரு வருடத் தடை, துரோகிப் பட்டம். இன்னொருவருக்குக் கையெழுத்து, காசோலை, கேமரா வெளிச்சம். நடுவில் ஆறு வருடம். இரண்டு ஆட்டக்காரர்களில் யாரும் மாறவில்லை. அந்தப் பயணத்துக்கு அரசு வைத்த பெயர்தான் மாறியது.

டோமைக் குறை சொல்ல இதில் ஒன்றுமில்லை. அவர் கிழக்கு ஜெர்மனிக்காக 51 ஆட்டங்கள் ஆடினார். 1990 டிசம்பரில் ஸ்டுட்கார்ட்டில், ஒன்றிணைந்த ஜெர்மனியின் முதல் ஆட்டத்தில் மாற்று ஆட்டக்காரராக இறங்கி, ஒரு நிமிடத்துக்குள் கோல் போட்டார். புது ஜெர்மனிக்கு மொத்தம் 10 ஆட்டம். கோட்ஸின் கணக்கில் கிழக்கும் பூஜ்யம், மேற்கும் பூஜ்யம், ஒன்றிணைந்ததும் பூஜ்யம்.

சுவர் விழுந்தது எல்லாருக்கும் ஒரே மாதிரி நல்லதாக முடியவில்லை. 1991இல் கிழக்கின் லீக் கலைக்கப்பட்டபோது அதன் 14 குழுக்களில் மேற்கின் முதல்தர லீக்கில் இடம் கிடைத்தது ரோஸ்டாக், டிரெஸ்டன் ஆகிய இரண்டுக்கு மட்டும். ஆறு குழுக்கள் இரண்டாம் தரத்துக்குப் போயின. பத்து முறை வெற்றியாளரான டைனமோ பெயரை எஃப்.சி. பெர்லின் என்று மாற்றிப் பார்த்தது. மூன்றாம் தரத்துக்கு விழுந்ததுதான் மிச்சம்.

அடுத்தது கோப்புகள் திறந்த காலம். டிரெஸ்டன் குழுவின் டோர்ஸ்டன் குட்ஷோவ் 1989 முதல் 1991 வரை மூன்று பருவத்திலும் கிழக்கின் அதிக கோல் அடித்தவர். அவர் ஸ்டாசிக்குத் தகவல் கொடுத்தவர் என்பது 1992இல் வெளியானது. மிக இளம் வயதில் அந்த வலையில் விழுந்தவர். 1992-93 பருவத்தின் நடுவில் அவர் இஸ்தான்புல்லின் காலத்தாசராய் குழுவில் சேர்ந்தார். அங்கே ஏற்கெனவே ஆடிக்கொண்டிருந்தவர் ஃபால்கோ கோட்ஸ். ஸ்டாசியிடமிருந்து ஓடியவரும் ஸ்டாசிக்கு எழுதியவரும் மூன்றாவது நாட்டில், ஒரே சிவப்பு மஞ்சள் சட்டையில். அந்த வருடம் காலத்தாசராய் லீக்கையும் கிண்ணத்தையும் சேர்த்து வென்றது. அடுத்த பருவத்தில் ஓல்ட் டிராஃபோர்டில் மான்செஸ்டர் யுனைடெட்டை 3-3 என்று நிறுத்தி, பிறகு ஐரோப்பியக் கிண்ணத்திலிருந்தே வெளியேற்றிய குழுவிலும் கோட்ஸ் இருந்தார்.

அங்கிருந்து சார்புரூக்கன். 1995இல் பெர்லின், ஆனால் இந்த முறை மேற்கின் ஹெர்த்தா குழு. 1997இல் ஹெர்த்தா முதல்தர லீக்குக்கு ஏறியபோது அவருக்கு 35 வயது. ஆட்டத்தை நிறுத்திவிட்டுப் பயிற்றுநரானார்.

ஒரு கேள்வி மட்டும் என்னை விடவில்லை. ஓர் அரசு ஒருவனைத் துரோகி என்கிறது. பிறகு அந்த அரசே இல்லாமல் போகிறது. அப்படியென்றால் அந்தச் சொல்லைத் திரும்பப் பெற வேண்டியது யார்? சொன்னவன் செத்துப்போனால் சொல் தானாகச் செத்துவிடுமா? தடையில் போன ஒரு வருடத்தையும், ஆடாமல் போன தேசியச் சட்டையையும் திருப்பித் தர யாரிடம் கேட்பது? வரலாற்றுப் புத்தகங்களில் '1989இல் சுவர் விழுந்தது' என்று ஒரு வரி இருக்கும். அந்த வரிக்கு முன்னால் ஓடியவர்களின் கணக்கை யாரும் தீர்த்துவைக்கவில்லை. பலர் தாங்களே தீர்த்துக்கொண்டார்கள், வேலைக்குப் போய்.

2004இல் கோட்ஸ் ஹெர்த்தாவின் தலைமைப் பயிற்றுநரானார். பக்கத்தில் துணைப் பயிற்றுநராக உட்கார்ந்தவர் ஆண்ட்ரியாஸ் டோம். பெல்கிரேடில் இடத்தைக் காலி செய்தவரும் அந்த இடத்தில் இறங்கியவரும் ஒன்றுபட்ட பெர்லினில், ஒரே பெஞ்சில் சுமார் மூன்று வருடம் வேலை பார்த்தார்கள். 2007 ஏப்ரலில் குழு தோற்றுக்கொண்டே போனதால் இருவரையும் சேர்த்தே அனுப்பினார்கள். இந்த முறை காரணம் வெறும் காற்பந்து.