ஆற்றை அளந்த நகரம்

கோம்பாக், கிள்ளான் ஆறுகளின் கூடலில் பிறந்த நகரம் கோலாலம்பூர். பெற்ற ஆறுகளே 1926இலும் 1971இலும் அதனை மூழ்கடித்தன. காடும் தோட்டமும் கட்டடங்களாக மாறவே, மண் உறிஞ்சிய மழைநீர் வடிகால்களில் விரைந்தோடி ஆற்றை நிறைக்கலாயிற்று.

வெள்ளத்தைத் திசைதிருப்ப 9.7 கிலோமீட்டர் நீளமுள்ள 'ஸ்மார்ட்' சுரங்கம் அமைக்கப்பெற்று 2007இல் திறக்கப்பட்டது. அதன் ஒரு பகுதி சாலையாகவும் பயன்படுகிறது. அது சாலையாக நீடிப்பதா, ஆறாக மாறுவதா என்பதை அளவீடே முடிவு செய்கிறது. கிள்ளான் ஆற்றின் மேற்பகுதியும் அம்பாங் ஆறும் கூடுமிடத்தில் நீரோட்டம் இடைவிடாது அளக்கப்படுகிறது. அது வினாடிக்கு 70 கனமீட்டரை எட்டினால் சாலைக்குக் கீழுள்ள தளத்தில் மட்டும் நீர் விடப்படும். 150ஐக் கடந்து, கனமழையும் நீடிக்குமாயின், வாகனங்களை வெளியேற்றிய பின் சாலையும் நீர்வழியாகும்.

அளவு பிழைப்பின் உயிர்கள் பிழைப்பதரிது. ஆதலின், ஆற்றங்கரை அளவுமானியே அந்நகரின் முதற் காவலன் எனலாம்.